கேள்விக்குறிகளுக்கு யார் பொறுப்பு?

சென்ற மாதம் நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். தமிழ்ப் பேராசிரியர், சுவடிப் பதிப்பில் முனைவர் பட்டம் பெற்றவர். 2006 முதல் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தாம் நடத்திவரும் வலைப்பதிவைப் புதிய வழங்கிக்கு மாற்றி, மென்பொருளையும் புதிய பதிப்புக்கு உயர்த்தியிருக்கிறார். திறந்து பார்த்தால் ஓரெழுத்துகூடத் தமிழில் இல்லை. "எல்லாம் போய்விட்டது ஐயா. கம்ப்யூட்டருக்கும் தமிழுக்கும் என்றைக்குமே ஆகாது. நாம் இதற்குள் கால் வைத்திருக்கவே கூடாது" என்றார்.

"கேள்விக்குறியாகத் தெரிகிறதா, குப்பையாகத் தெரிகிறதா?" என்று கேட்டேன்.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார்.

ஏட்டில் ஓர் எழுத்து பூச்சி அரித்து அழிந்துபோயிருப்பது வேறு, எழுத்து இருந்தும் நமக்கு அதை வாசிக்கத் தெரியாமலிருப்பது வேறு என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் விளக்குபவர் அவர். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணம். வலைப்பதிவு மென்பொருளை மேம்படுத்தும்போது நேரும் பிழைகளைத் தமிழிலக்கியக்காரர்கள் விதியென்றும் சதியென்றும் வேற்றார் வேலையென்றும் ஒதுக்கிவருகிறோம். மூன்றும் தவறு என்பது என் வாதம். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை பாடப் பிழைகள். அவற்றை அறிந்துகொள்ளும் பயிற்சி நம்மிடமே இருக்கிறது. இருந்தும் செய்யாமலிருப்பது சோம்பலன்றி வேறில்லை.

முதலில் நடப்பது என்னவென்று பார்ப்போம். யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட அடிப்படைத் தொகுதியின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது தகரம், மகரம், இகரக் கொம்பு, ழகரம், புள்ளி என ஐந்து குறி, 15 பைட்டு. இந்தப் பைட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், 2004இல் நிலைப்பதிப்பாக வந்த 4.1 முதல், தன்னிடமுள்ள ஒவ்வொரு புலத்துக்கும் 'இது இன்ன குறியேற்றத்தில் உள்ளது' என்று ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டிவைக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது தானாக ஒட்டிக்கொண்ட சீட்டு லத்தீன்-1. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியேற்றம் அது. வரிசைப்படுத்தும் முறையோ ஸ்வீடிஷ் மொழிக்குரியது. அந்த நிறுவனம் சுவீடனில் பிறந்தது என்பதால். ஆக, 2000-களின் நடுப்பகுதியில் சொந்த வழங்கியில் வேர்ட்பிரஸ் நிறுவி நாமெழுதிய சங்க இலக்கியக் கட்டுரைகள் பலவும் ஸ்வீடிஷ் அகரவரிசைப்படி அடுக்கப்படும் லத்தீன் நூல்கள் என்ற பெயரில்தான் சேமிக்கப்பட்டன.

இது ஏன் யாருக்கும் தெரியவில்லை? எழுதும்போது சொன்ன பொய்யையே படிக்கும்போதும் சொன்னோம். 'லத்தீன்' என்று உள்ளே போட்ட பைட்டுகள் 'லத்தீன்' என்றே வெளியே வந்தன. உலவி அவற்றை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு தமிழாகக் காட்டியது. இரண்டு பொய்கள் ஒன்றையொன்று ஈடுசெய்தன. பக்கம் தெரிந்தது, நாமும் திருப்தியடைந்தோம்.

2007 மே மாதம் வேர்ட்பிரஸ் 2.2 வந்தது. அதன் அமைப்புக் கோப்பின் மாதிரியில் தரவுத்தளத்தோடு எந்தக் குறியேற்றத்தில் பேசுவது என்பதைக் குறிக்கும் வரி புதிதாகச் சேர்ந்தது. அதில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தது. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய மாதிரியை நிரப்பி ஏற்றியவர்களுக்கு மென்பொருள் முதன்முறையாக உண்மை பேசத் தொடங்கியது. 'எனக்கு யூடிஎஃப்-8இல் கொடு' என்று அது கேட்க, தரவுத்தளம் தன்னிடமிருந்த 'லத்தீன்' எழுத்துகளை ஒவ்வொன்றாக மொழிமாற்றிக் கொடுத்தது. தமிழெழுத்தொன்றின் மூன்று பைட்டுகள் மூன்று ஐரோப்பியக் குறிகளாக விரிந்தன. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் சிக்கிய 'ஆர்' என்று பக்கம் முழுக்க ஓடிய அந்த வரிசையை அக்காலத்தில் எழுதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுதான் குப்பை. பார்க்க அருவருப்பானது, ஆனால் அதற்கடியில் ஒரு பைட்டுகூட அழியவில்லை. அமைப்புக் கோப்பின் அந்த ஒரு வரியை வெறுமையாக்கினால் பழையபடி தமிழ் வந்து நிற்கும்.

கேள்விக்குறி வேறு சாதி. புதிய அமைப்போடு நீங்கள் ஓர் இடுகை எழுதுகிறீர்கள். இப்போது மென்பொருள் 'இது யூடிஎஃப்-8 தமிழ்' என்று உண்மை சொல்லி உள்ளே அனுப்புகிறது. வாங்கும் புலமோ இன்னமும் லத்தீன்-1. அந்த நெடுங்கணக்கில் தகரம் இல்லை, ழகரம் இல்லை. இல்லாத எழுத்துக்குப் பதிலாகத் தரவுத்தளம் ஒரு கேள்விக்குறியைப் பதிந்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகிறது. இங்கே அழிவு நிரந்தரம். எந்த நிபுணராலும் மீட்க முடியாது. பொய்யின் மீது பொய் சொன்னவரை பிழைத்த எழுத்து, பாதி உண்மை சொன்னதும் செத்துப்போனது.

இதை நான் ஏட்டுச் சுரைக்காயாக எழுதவில்லை. 2007இல் நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு சிறு வலைப்பதிவு நடத்திவந்தோம். இளம்பிள்ளையில் விசைத்தறிக் கூடமொன்றையொட்டிய நெட் சென்டரில், தறியோசைக்கு நடுவே உட்கார்ந்து, மென்பொருளை மேம்படுத்தியவன் நான்தான். குப்பை தோன்றியது. வழங்கி நிறுவனத்துக்கு எழுதினேன். எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. மாற்றிப் பார்த்தேன். நான்கு நாட்கள் இப்படிப் போயின. அந்த நான்கு நாட்களில் வாசகர்கள் பின்னூட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் பழைய இடுகைகள் அனைத்தும் திரும்பின. அந்த நான்கு நாட்களின் 17 பின்னூட்டங்கள் மட்டும் கேள்விக்குறிகளாகவே நின்றன.

அவற்றில் ஒன்று நீளமானது. எங்கள் கட்டுரையொன்றில் நாங்கள் ஏற்றிருந்த பாடத்தை மறுத்து ஒரு மூத்த வாசகர் எழுதியது என்பதை அதில் எஞ்சிய அடைப்புக்குறிகளையும் பாடல் எண்களையும் கொண்டு ஊகித்தோம். எண்கள் இருந்தன, சொற்களுக்கிடையே இடைவெளி இருந்தது, காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் உரிய இடத்தில் இருந்தன. ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி வீதம் சொல்லின் நீளம்கூடத் தெரிந்தது. எழுத்து மட்டும் இல்லை. மீண்டும் எழுதித்தரும்படி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவர் எந்தப் பாடத்தைச் சரியென்று கருதினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நிறுவனத்தைக் குறைசொல்லி அப்போது ஆத்திரமாக எழுதினேன். இன்று யோசித்தால், முதல் நாளே பின்னூட்டப் பெட்டியை மூடியிருக்க வேண்டியவன் நான். குப்பைக்கும் கேள்விக்குறிக்கும் வித்தியாசம் தெரியாததால் மூடவில்லை.

இப்போது நம் படிப்புக்கு வருகிறேன். ஓலைச்சுவடியில் பொதுவாகப் புள்ளி இடமாட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும். ஆகவே மெய்யா உயிர்மெய்யா என்பதை வாசிப்பவனே முடிவு செய்ய வேண்டும். காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு வந்தது வீரமாமுனிவருக்குப் பிறகு. ஏடெழுதியவன் எந்த நெறியில் எழுதினான் என்று தெரியாதவனுக்குச் சுவடி வெறும் கீறல். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையருக்கோ அவருக்கு முன்னோடியான சி.வை. தாமோதரம் பிள்ளைக்கோ இது யாரும் தொலைபேசியில் சொல்லித்தந்த செய்தியன்று. பாடத்தைப் பதிப்பிக்கிறவன் அது எழுதப்பட்ட முறையை அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதற்பாடம். எழுத்துருவம் ஒன்று, எழுதப்பட்ட நெறி ஒன்று, வாசிக்கும் நெறி ஒன்று. பின்னிரண்டும் பொருந்தாதபோது பாடம் திரியும். தரவுத்தளப் பிழையும் இதுவே. வேறு பெயரில் வந்தவுடன் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

இங்கே எழும் எதிர்வாதங்களை நான் அறிவேன்.

முதலாவது, யூனிகோடே தமிழுக்கு இழைக்கப்பட்ட துரோகம். அதனால்தான் இத்தனை பிழையும் என்பது. 1991இல் யூனிகோடின் முதற்பதிப்பு வந்தபோது தமிழின் உயிர்மெய்களுக்குத் தனியிடம் தரப்படவில்லை என்ற மனக்குறை நியாயமானதா என்பதைத் தனியே பேசலாம். எல்லா உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 என்னும் குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றதும் உண்டு. ஆனால் அந்தக் குறியேற்றத்தின் எழுத்துகளும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளே. லத்தீன் சீட்டு ஒட்டிய புலத்தில் அவற்றையும் போட்டிருந்தால் அவையும் இதே குப்பையாக விரிந்திருக்கும். ரஷ்யனும் கிரேக்கனும் இந்தி எழுதியவனும் இதே ஆண்டுகளில் இதே குப்பையைப் பார்த்தார்கள். இதில் தமிழுக்கெதிரான சதியைத் தேடுவோர், தம் பக்கத்துச் சீட்டை ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் போதும்.

இரண்டாவது வாதம் ஞானிகளுடையது: ஓடுவதைத் தொடாதே, மேம்படுத்தவே வேண்டாம். இதைக் கேட்டு நடந்தவர்கள் என்னவானார்கள்? 2015 டிசம்பரில் பிஎச்பி 7.0 வந்தபோது மைஎஸ்கியூஎல்லோடு பேசுவதற்கான பழைய கட்டளைத் தொகுதி முழுவதும் நீக்கப்பட்டது. நிறுவனங்கள் தத்தம் வழங்கிகளை அதற்கு மாற்ற மாற்ற, 2014இன் 3.9 பதிப்புக்கு முற்பட்ட வேர்ட்பிரஸை அசையாமல் வைத்திருந்தவர்களின் பக்கங்கள் தரவுத்தளத்தைத் தொடவே முடியாமல் நின்றன. நாம் அசையாவிட்டாலும் நமக்குக் கீழேயுள்ள தரை அசைகிறது. பழைய பதிப்பின் ஓட்டைகள் வழியே புகுந்து விளம்பரச் சுட்டிகளை நட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேம்படுத்தாமலிருப்பது காப்பாற்றுவதாகாது, அழிவைத் தள்ளிப்போடுவது.

மூன்றாவது: சொந்த வழங்கி எதற்கு, இலவசச் சேவையில் எழுதினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்குத் தேவையிருக்கும் வரை. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தமிழிலக்கிய விவாதங்கள் பல நடந்த யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மறைந்தன. முன்னறிவிப்பு வந்தது; எடுத்து வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? இலவச இடத்தில் எழுதுவதில் தவறில்லை. படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எழுதுவதுதான் தவறு.

நான்காவது, மிக மரியாதையான வாதம்: இலக்கியவாதியின் நேரம் விலைமதிப்பற்றது, இதெல்லாம் தொழில்நுட்பக்காரர் வேலை. தொழில்நுட்பக்காரருக்குத் தரவுத்தளம் தெரியும். உங்கள் பாடம் தெரியாது. மேம்படுத்திய பிறகு பக்கம் தமிழாகத் தெரிந்தால் அவர் வேலை முடிந்தது. ஒற்றெழுத்தின் புள்ளி ஒன்று எங்கோ உதிர்ந்திருப்பதையோ, இடுகை பாதியில் வெட்டுப்பட்டிருப்பதையோ அவர் எப்படிக் காண்பார்? ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைகளுக்கும் உரிய 51 குறிகள் 2019இல் யூனிகோட் 12.0இல் சேர்ந்தன. முந்திரியும் காணியும் அவற்றில் உண்டு. இவை மூன்று பைட்டில் அடங்கா, நான்கு வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் 'யூடிஎஃப்-8' என்று பெயரிடப்பட்டிருந்த பழைய முறையோ மூன்று பைட்டு வரைதான் கொள்ளும். வேர்ட்பிரஸ் 2015இல் தன் 4.2 பதிப்பில் அட்டவணைகளை நான்கு பைட்டு முறைக்கு மாற்றத் தொடங்கியது இதனால்தான். இதற்கு முற்பட்ட பதிப்பையும் பழைய அட்டவணையையும் வைத்துக்கொண்டு கல்வெட்டுக் கட்டுரையொன்றில் முந்திரிக் குறியை இட்டால், கண்டிப்பில்லாமல் அமைக்கப்பட்ட தரவுத்தளம் அந்தக் குறியோடு நிறுத்திக்கொண்டு மீதிக் கட்டுரையை விழுங்கிவிடும். பிழைச்செய்தியும் வராது. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று தெரிந்தவன் கவனித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

எழுத்துமுறை மாறினாலே பாடம் அழியும் என்று பயப்படுவோருக்கு எங்களூரையே காட்டுகிறேன். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ளகர ஐகாரம் அவற்றில் ஒன்று. அதற்குமுன் பெரும்பாலான அச்சிலும் பலகையிலும் இளம்பிள்ளையின் கடைசி எழுத்து துதிக்கை தூக்கிய யானை. ஆணை வந்தபின் யானை போய் இணைக்கொம்பு வந்தது. ஊர் தொலைந்துவிடவில்லை, பழைய புத்தகத்தை இன்றும் படிக்கிறோம். காரணம், எந்த வடிவம் எந்த வடிவமாகிறது என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. பழையதைப் படிக்கத் தெரிந்தவர்கள் புதியதையும் கற்றார்கள். ஒழுங்கான மேம்படுத்தல் என்பது இதுதான்.

கணினியிலும் இதற்குச் சான்று உண்டு. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம் யூனிகோட் பரவுவதற்கு முன்பே மின்னூல்களைத் தரத் தொடங்கியது. டிஸ்கியில் தந்தது, பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. குறியேற்றம் மாறியும் நூல்கள் நிலைத்தன. ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியையும் பாருங்கள்: தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், கோப்பு எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்ற விவரம் அங்கே இருக்கும். ஏட்டின் கடையில் எழுதியவன் பெயரும் நாளும் குறித்துவைத்த அதே மரபு. மதுரைத் திட்டத்தை நடத்தியவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்களல்லர், தன்னார்வலர்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு பணத்திலோ கருவியிலோ இல்லை.

செய்ய வேண்டியவை சிலவே. மேம்படுத்துமுன் தரவுத்தளத்தைப் படியெடுங்கள். எடுத்த படியைத் திறந்து நாலு பக்கம் வாசியுங்கள். லத்தீன் சீட்டோடு உள்ள அட்டவணையை யூடிஎஃப்-8 என்று சொல்லிப் படியெடுத்தால் காப்புப்படியே குப்பையாக இறங்கும் என்பதை வாசிக்காதவர்கள் அறியமாட்டார்கள். புலங்களின் குறியேற்றப் பெயரைப் பாருங்கள். தமிழைச் சுமந்துகொண்டு லத்தீன் என்றிருந்தால் திருத்துங்கள். ஆனால் நேரடியாக யூடிஎஃப்-8 என்று மாற்றக் கூடாது. தரவுத்தளம் மீண்டும் மொழிபெயர்த்துத் தொலைக்கும். முதலில் அந்தப் புலத்தை எம்மொழிக்கும் உரியதல்லாத வெறும் பைட்டுத் தொகுதியாக மாற்றி, அதன்பின் யூடிஎஃப்-8 என அறிவிக்க வேண்டும். பொய்ப்பெயரைக் களைந்த பிறகுதான் மெய்ப்பெயர் ஒட்டும். குப்பை தோன்றினால் உடனே பின்னூட்டத்தை மூடுங்கள், எதையும் எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் நகலொன்றில் செய்து பாருங்கள்.

நகல் பார்ப்பதை எங்களூர்த் தறிக்காரரிடம் கற்றுக்கொள்ளலாம். ஜக்கார்டில் புது டிசைன் அட்டையை மாட்டிய உடனே யாரும் பாவு முழுவதையும் ஓட்டிவிடுவதில்லை. கொஞ்சம் நெய்து, பூ சரியாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். ஓர் அட்டை வரிசை மாறிக் கோக்கப்பட்டிருந்தால் அப்போதே தெரியும். சேலைக்குக் காட்டும் இந்த நிதானத்தை இருபதாண்டு எழுத்துக்குக் காட்டக் கூடாதா?

நண்பரின் வலைப்பதிவு குப்பையாகத்தான் தெரிந்தது. அன்றிரவே தமிழ் திரும்பிவிட்டது. "நீங்கள் இல்லாவிட்டால் எல்லாம் போயிருக்கும் ஐயா" என்றார். அந்தப் பாராட்டை நான் ஏற்கவில்லை. என்னைக் கேட்காமல் அவர் ஒரு மாலையில் தாமே அறிந்திருக்கக் கூடியதைத்தான் நான் சொன்னேன்; 17 பின்னூட்டங்களை இழந்து நான் கற்றதும் அவ்வளவே. செல்லரித்த ஏடுகளுக்காகக் கண்ணீர் வடிக்கும் தகுதி, தன் காலத்து ஏட்டைத் தானே படியெடுத்து வைப்பவனுக்கு மட்டும்தான் உண்டு. மற்றவர்கள் வகுப்பில் உ.வே.சா. பெயரைச் சொல்லுமுன் வீட்டுக்குப் போய்த் தம் தரவுத்தளத்தில் என்ன சீட்டு ஒட்டியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.